புற்றுநோய் வார்டு சிஸ்டர்களின் ஒத்துணர்வை அளப்பது எப்படி

எம்.எஸ்சி நர்சிங் மாணவிகள் டிசர்டேஷன் தலைப்பு தேடும் சீசன் வந்துவிட்டால், கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளில் யாராவது ஒருத்தர் 'புற்றுநோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர்களின் ஒத்துணர்வு' என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நல்ல தலைப்புதான். ஆனால் அடுத்த வரியிலேயே, கருவி என்ற இடத்தில் ஜெஃபர்சன் ஸ்கேல் என்று போட்டிருக்கும், அதாவது தன் ஒத்துணர்வைத் தானே மதிப்பிட்டு டிக் போடும் வினாத்தாள். ஏம்மா இது என்று கேட்டால் சீனியர் அக்கா அதைத்தான் வைத்தார்கள் என்று பதில் வரும். அப்புறம் ஐம்பது அறுபது சிஸ்டர்களிடம் தாளைக் கொடுத்து, டிக் போட வைத்து, வாங்கி, கூட்டி, கடைசியில் 'நோயாளிகளுக்கு மிதமான ஒத்துணர்வு கிடைக்கிறது' என்று முடிவுரை எழுதுவார்கள். நோயாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஆய்வை எப்படிச் செய்தால் உருப்படியாக இருக்கும் என்று நினைக்கிறேனோ அதை இங்கே எழுதி வைக்கிறேன். மாணவிகளுக்கு மட்டும் இல்லை, தன் யூனிட்டில் நிலைமை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் வார்டு இன்சார்ஜ்களுக்கும் உதவும்.

முதல் வேலை, எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. ஒத்துணர்வு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அளக்கும்போது அது மூன்று தனித்தனிச் சமாசாரம். சிஸ்டர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது ஒன்று. கட்டில் பக்கத்தில் நின்று உண்மையில் என்ன செய்கிறார் என்பது இரண்டாவது. படுத்திருக்கிறவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. தாளில் 140-க்கு நூற்றுக்கு மேல் மார்க் வாங்கிய சிஸ்டர் வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டுவிட்டுப் போவதும் உண்டு, தாளில் சுமாராக வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. உங்கள் கேள்வி முதல் வகை என்றால் முடிவுரையும் அதற்குள்ளேயே நிற்க வேண்டும். மூன்றாவதைப் பற்றிப் பேச ஆசை இருந்தால் நோயாளியிடம் போய்த்தான் ஆகவேண்டும், வேறு வழியே கிடையாது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது வேறு, அதைப் பார்த்துத் தானே கலங்கிப்போவது வேறு. புற்றுநோய் வார்டில் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் அதிகம் கலங்குகிறவர்தான் பல சமயம் அந்தக் கட்டிலைத் தவிர்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அக்கறையின்மையாகத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மார்க்கில் கூட்டிவிடும் கருவியை வைத்தால் எதை அளந்தோம் என்பதே பிறகு தெரியாது.

சரி, கருவிக்கு வருவோம்.

ஜெஃபர்சன் ஸ்கேல் 2001-இல் ஃபிலடெல்ஃபியாவில் முகமதுரெசா ஹோஜத் குழுவினர் உருவாக்கியது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, மொத்தம் 20-இலிருந்து 140. பாதிக் கேள்விகள் நேராகவும் பாதி எதிர்மறையாகவும் எழுதப்பட்டவை. உள்ளே மூன்று பிரிவு இருக்கிறது: நோயாளியின் பார்வையில் பார்ப்பது, கனிவான பராமரிப்பு, அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது. கடைசிப் பிரிவில் இரண்டே கேள்விதான் என்பதால் அதைத் தனியாக எடுத்து அலசுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. இதில் மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று, மற்ற சுகாதாரப் படிப்பு மாணவர்களுக்கு ஒன்று, வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று என்று தனித்தனி வடிவங்கள் உண்டு. வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கு மூன்றாவதைத்தான் வைக்க வேண்டும், நெட்டில் கிடைத்த மாணவர் வடிவத்தை எடுத்து 'மாணவர்' என்ற இடத்தில் 'செவிலியர்' என்று திருத்திக்கொள்வது ஆகாது. இதற்கு அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. அனுமதி மெயில் கைக்கு வராமல் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது மார்க் டேவிஸ் 1980-இல் வெளியிட்ட இன்டர்பெர்சனல் ரியாக்டிவிட்டி இண்டெக்ஸ். 28 கேள்வி, நான்கு பிரிவு, பிரிவுக்கு ஏழு, 0 முதல் 4 வரை மதிப்பு. நான் மேலே சொன்ன கலங்கிப்போகும் விஷயத்தை இது தனிப் பிரிவாகவே அளக்கிறது, அதனால் எனக்கு இதன் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் நான்கு பிரிவையும் கூட்டி ஒரே மொத்தமாகச் சொல்லக் கூடாது. கூட்டினால் அடுத்தவருக்காக இரங்குவதும் தனக்குத்தானே பதறுவதும் ஒரே கணக்கில் போய் விழும். இதிலுள்ள கற்பனைப் பிரிவு, கதை சினிமாவில் ஆழ்ந்துபோவதைப் பற்றியது, வார்டுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. நேரம் குறைவு, காசும் குறைவு என்றால் 2009-இல் வந்த டொராண்டோ வினாத்தாள் 16 கேள்வியோடு முடிந்துவிடும், மொத்தம் 0 முதல் 64. ஆனால் அது பொதுவான மனிதர்களுக்கு எழுதியது, நோயாளி என்ற சொல்லே அதில் வராது.

நோயாளி பக்கத்துக்கு ஸ்டூவர்ட் மெர்சர் குழுவினர் ஸ்காட்லாந்தில் 2004-இல் வெளியிட்ட கேர் மெஷர் இருக்கிறது. பத்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 10 முதல் 50. நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்ல விட்டார்களா, காது கொடுத்துக் கேட்டார்களா, உங்களை ஒரு முழு மனிதராகப் பார்த்தார்களா என்கிற ரீதியில் போகும். டாக்டரைப் பார்க்கப் போகும் சந்திப்புக்காக எழுதப்பட்டது, பிறகு செவிலியர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'பொருந்தாது' என்று சொல்ல வாய்ப்பும் தருகிறது. இரண்டு கேள்வி வரை விடுபட்டால் மற்றவற்றின் சராசரியைப் போட்டு நிரப்பலாம், அதற்கு மேல் விடுபட்டால் அந்தத் தாளை ஒதுக்கிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜெஃபர்சன் ஒன்று, டேவிஸின் பதற்றப் பிரிவு ஒன்று, நோயாளிக்குக் கேர் மெஷர் ஒன்று, இவை போதும். நான்கைந்து ஸ்கேலைச் சேர்த்துப் பைண்ட் பண்ணிக் கொடுத்தால், பத்தாவது பக்கத்தில் சிஸ்டர் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டுத் தள்ளிவிடுவார். வேலைக் களைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கைடு சொன்னால் புரோக்வால் (ProQOL) என்ற வினாத்தாள் நல்லது, 30 கேள்வி. வேலையில் கிடைக்கும் நிறைவு, பர்ன் அவுட், பிறர் துயரத்தால் வரும் பாதிப்பு என மூன்றையும் தனித்தனியாகக் காட்டும்.

மொழி விஷயம். கோவையில் புற்றுநோய் யூனிட்டுகளில் மலையாளி சிஸ்டர்கள் கணிசம். எல்லாருமே ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள்தான், அதனால் சிஸ்டர்களுக்கான தாளை ஆங்கிலத்திலேயே வைக்கலாம், மொழிபெயர்த்துக் கஷ்டப்பட வேண்டாம். நோயாளிக்கான தாள் தமிழில், அதுவும் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் இருக்க வேண்டும். ஒருவர் தமிழாக்கம் செய்ய, மூலத்தைப் பார்த்தே இராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்வது வழக்கமான முறை. அப்புறம் ஆறிலிருந்து பத்து நிபுணர்களிடம் கொடுத்து ஒவ்வொரு கேள்வியும் பொருத்தமா என்று மதிப்பிட வைத்தால், பொருத்தக் குறியீடு 0.78-க்குக் கீழே வருவதைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். அடுத்தவருடைய காப்புரிமை உள்ள கருவி என்றால் நீக்குவதற்கும் அவரைக் கேட்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் டிசர்டேஷனில் எல்லாரும் எழுதுவதுதான். எழுதாமல் விடுவது எது தெரியுமா? நாலைந்து நோயாளிகளிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதுல நான் என்ன கேட்கறேன்னு உங்களுக்குப் புரியுதுங்க?" என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பது. சத்தியமங்கலத்துக்கு மேலே மலையிலிருந்து வரும் கன்னடம் பேசுகிறவர், நீலகிரியிலிருந்து வரும் படுகர், வீட்டில் தெலுங்கு பேசும் கோவைக்காரர் எல்லாரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். 'முழு மனிதராக' என்ற இடத்தில் அவர்கள் முழிப்பதைப் பார்த்தால் எந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். "வூட்டைப் பத்தி, காட்டைப் பத்தியெல்லாம் கேட்டாங்களா" என்று மாற்றிப்போட்டால் முகம் தெளியும்.

இப்போது சிஸ்டர்களிடம் தாள் வாங்குவது.

வார்டு இன்சார்ஜ் கையில் கட்டாகக் கொடுத்து "எல்லார்கிட்டயும் வாங்கி வெச்சிருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் வாங்கித் தருவார், எல்லாத் தாளும் அழகாக இருக்கும், ஒன்றும் பயன்படாது. இன்சார்ஜ் பார்ப்பார் என்று தெரிந்தால் யார் தான் "நோயாளியின் உணர்ச்சிகள் என் வேலையைப் பாதிப்பதில்லை" என்று டிக் போடுவார்? நீங்களே போங்கள், உறை கொடுங்கள், ஒட்டி வாங்குங்கள். நைட் டியூட்டி முடித்துக் கிளம்பும் ஏழரை மணிக்குக் கேட்காதீர்கள், பெருந்துறைக்கோ பல்லடத்துக்கோ பஸ் பிடிக்க நிற்பவர் என்ன எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் கேட்கவில்லை என்பதாலேயே ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடாது. பன்னிரண்டு பேர் இருக்கும் யூனிட்டில் வயது 41, அனுபவம் 17 வருடம், டிப்ளமோ, திருமணமானவர் என்று நான்கு கட்டம் நிரப்பினால் அது யார் என்று துப்புரவு செய்யும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். வயதையும் அனுபவத்தையும் வரம்பாகக் கேளுங்கள். மதம், குடும்ப வகை, உணவுப் பழக்கம் என்று வழக்கமாக ஒரு பட்டியல் போடுவோமே, அதில் உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததையெல்லாம் வெட்டுங்கள். கைவர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர்) போட்டுப் பார்ப்பதற்காகவே மதத்தைக் கேட்கும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை. அதற்குப் பதிலாக அந்த ஷிஃப்டில் அவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார், அந்த மாதம் எத்தனை நைட், நிரந்தரமா தொகுப்பூதியமா, நோயாளியின் மொழி அவருக்குத் தெரியுமா, இவற்றைக் கேளுங்கள். முப்பது பேருக்கு ஒரே ஆளாக மருந்து ஏற்றும் நாளில் ஒருவரின் மார்க் குறைந்தால் குறை அவரிடம்தானா என்று பிறகு பேச இந்த விவரங்கள்தான் கை கொடுக்கும்.

நோயாளி பக்கம்தான் உண்மையான சிரமம், அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, தாளின் தலைப்பில் கேன்சர், புற்றுநோய் என்ற சொல் வேண்டாம். ஒப்புதல் படிவத்திலும் ஜாக்கிரதை. கொங்குப் பக்கம் நிறையக் குடும்பங்களில் பெரியவருக்கு என்ன நோய் என்று அவருக்கே சொல்லியிருக்க மாட்டார்கள். 'வயித்துல கட்டி, அதுக்குக் கரண்டு வெக்கறாங்க' என்ற அளவில் நிறுத்தி வைத்திருப்பார்கள் (கரண்டு என்றால் கதிர்வீச்சுச் சிகிச்சை). நீங்கள் போய் தாளை நீட்டியதும் மகன் கதவுக்கு வெளியே கூட்டிப்போய் "அய்யனுக்குத் தெரியாதுங்க, சொல்லிப்போடாதீங்க" என்பார். அவர்கள் செய்வது சரியா தவறா என்பது தனி வாதம், உங்கள் வினாத்தாள் அந்த வீட்டில் குண்டு போடக் கூடாது. 'இந்த மருத்துவமனையில் உங்களைக் கவனிக்கும் சிஸ்டர்களைப் பற்றி' என்று தலைப்பு வைத்தால் போதுமானது. எத்திக்ஸ் கமிட்டிக்கும் இந்தக் காரணத்தை எழுதியே கொடுங்கள். ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலின்படி கமிட்டி அனுமதி இல்லாமல் எதையும் தொடங்க முடியாது, எப்படியும் அவர்கள் கேட்பார்கள்.

இரண்டாவது, பதிலை அட்டெண்டர், அதாவது கூடவே இருக்கும் வீட்டார், சொல்லக் கூடாது. நீங்கள் பாட்டியைக் கேட்பீர்கள், மருமகள் பதில் சொல்வார், பாட்டி தலையாட்டுவார். ஒரு காபி வாங்கி வரச் சொல்லி அனுப்புங்கள், அல்லது அட்டெண்டருக்கென்று தனித் தாள் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள். அந்தத் தாளையும் வீணாக்க வேண்டாம், தனியாகப் பதிவு செய்தால் நோயாளியும் வீட்டாரும் எங்கே மாறுபடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

மூன்றாவது, எல்லாரும் முழு மார்க் போடுவார்கள். இதை எதிர்பார்த்தே போங்கள். "நல்லாப் பார்த்துக்கறாங்க சாமி, அவிய கொணத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று ஆரம்பித்து ஐந்து, ஐந்து, ஐந்து என்று போய்விடும். மரியாதை ஒரு காரணம். பயம் இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்திருப்பவர், எதையாவது சொல்லி அடுத்த ஊசிக்குத் தடங்கல் வந்துவிடுமோ என்று நினைப்பார். அதனால் கேட்கப் போகிறவர் வெள்ளைக் கோட்டிலோ சிஸ்டர் யூனிஃபார்மிலோ போகக் கூடாது, அந்த வார்டில் வேலை பார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. பதிலுக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

அப்படியும் முழு மார்க்தான் வரும். அதனால் பத்துக் கேள்வி முடிந்ததும் திறந்த கேள்வி இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். 'இன்னைக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி சிஸ்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?' என்பது ஒன்று. 'சிஸ்டர்கிட்டக் கேட்கணும்னு நெனச்சுக் கேட்காம விட்டது ஏதாச்சும் இருக்குங்களா?' என்பது மற்றொன்று. காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஐம்பதுக்கு ஐம்பது போட்டுவிட்டு, இந்த இரண்டாவது கேள்விக்கு இப்படிச் சொன்னார்: "கரண்டு வெச்ச பொறவு சோறு எறங்கறதில்லீங்க. அதைச் சொன்னா அந்த அம்மிணிக்கு இன்னொரு வேலையாயிருமேன்னு சொல்லலீங்க." இந்தப் பதிலை என்ன செய்வீர்கள்? மார்க் ஐம்பதுதான், சிஸ்டர் மேல் அவருக்கு அன்புதான், ஆனால் சோறு இறங்கவில்லை என்ற விஷயம் யாரையும் போய்ச் சேரவில்லை. இப்படி எத்தனை பேர் எதையாவது மென்று விழுங்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை நான் சராசரி மார்க்கைவிடப் பெரிதாக மதிப்பேன். அப்புறம், இப்படி உடல் உபாதை ஒன்று காதில் விழுந்தால் ஆய்வு என்று சும்மா இருக்காதீர்கள். அவர் சம்மதத்தோடு டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நேரம், இடம் எல்லாம் பொது அறிவு. டிரிப்ஸ் ஓடும்போது வாந்தி வருகிற மாதிரி இருப்பவரிடம் கேட்க வேண்டாம். டே கேரில் ஊசி முடிந்து சற்று ஓய்ந்த நேரம் நல்லது, ஆனால் அந்தியூருக்கும் தாராபுரத்துக்கும் போகிறவர் சாயங்கால பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பார், அவரை விட்டுவிடுங்கள், அடுத்த சைக்கிளுக்கு (அடுத்த சுற்று மருந்துக்கு) வரும்போது கேட்கலாம். முதல் தடவை வந்தவரைவிட அதே சிஸ்டர்களிடம் இரண்டு மூன்று முறை வந்துபோனவர் தெளிவாகச் சொல்வார். வாய்ப்புண்ணோடு இருப்பவர், தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனவர் பேச முடியாது. அவர்களை ஒதுக்கிவிட்டால் உங்கள் ஆய்வில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களே இல்லாமல் போய்விடுவார்கள், பேச முடியாதவருக்குத்தானே சிஸ்டர் புரிந்துகொள்வது இன்னும் அவசியம். ஒன்றிலிருந்து ஐந்து வரை பெரிய எழுத்தில் அட்டை எழுதிக்கொண்டு போனால் விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

யாராவது அழ ஆரம்பித்தால் தாளை மூடி வையுங்கள். கவுன்சலர் யார், எந்த அறை, எந்த நேரம் இருப்பார் என்பதை முதல் நாளே விசாரித்து எழுதி வைத்துக்கொண்டுதான் வார்டுக்குள் போக வேண்டும்.

நேரில் பார்த்துப் பதிவு செய்வதும் உண்டு. நேரம் இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள், இருப்பதிலேயே நம்பகமானது என்று நான் சொல்வேன், ஆனால் வேலை அதிகம். இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மேல்நாட்டு செக்லிஸ்ட்டுகளில் மரியாதையாகப் பேசினாரா என்று ஒரு வரி இருக்கும். நம்மூரில் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அந்த வரியில் எல்லாருக்கும் டிக் விழும், எதையும் பிரித்துக் காட்டாது. அதை எடுத்துவிட்டு, நோயாளி மனதில் உள்ளதை ஜாடையாகச் சொல்லும் தருணத்தைப் பிடியுங்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் சிஸ்டர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

உதாரணமாக மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ போகும் ஓர் அம்மா, கையை நீட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் பேத்திக்குத் தெரட்டிங்க, இந்த மொட்டைத் தலையோட எப்படிங்க போறது" என்கிறார் (தெரட்டி என்றால் பூப்பு நீராட்டு விழா). "கையை ஆட்டாதீங்கம்மா" என்று சிஸ்டர் சொன்னால் 0. "அதெல்லாம் வளர்ந்துரும், வெசனப்படாதீங்க" என்றால் 1. "ஒறம்பரை எல்லாம் வருவாங்க, கேப்பாங்கன்னு இருக்குங்களா?" என்று கேட்டு அந்த அம்மாவைப் பேசவிட்டால் 2. அதோடு நிற்காமல் விக் எங்கே கிடைக்கும் என்றோ அடுத்த ஊசியை நிகழ்ச்சிக்கு முன்னே வைக்கலாமா பின்னே வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றோ ஒரு அடி எடுத்து வைத்தால் 3. இதில் 1-தான் பயிற்சி இல்லாதவர்களை ஏமாற்றுவது. கேட்க அன்பாக இருக்கும், முடி பெரும்பாலும் திரும்ப வளரும் என்பதும் நிஜம்தான், ஆனால் அந்த அம்மாவின் பேச்சு அங்கேயே கட்டாகிவிடும். வாய் பேசாமல் செய்வதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். பல சைக்கிள் கீமோ போய் நரம்பு இறுகிப்போன கையில் நாலாவது தடவை குத்துவதற்கு முன், வெந்நீர்ப் பையை எடுத்து வந்து முழங்கைக்குக் கீழே வைத்து, சூடு தாங்குதா என்று கேட்டு, நரம்பு எழும்பும்வரை பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமலே 3 வாங்க வேண்டியவர்.

இரண்டு பேர் ஒரே தருணத்தைத் தனித்தனியாகப் பதிவு செய்து, இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை கோஹனின் கப்பா என்ற அளவீடு கொண்டு பாருங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் உட்கார்ந்து பேசி, வரையறையைத் திருத்தி, மறுபடி பழகுங்கள். முதல் சில நாள் பதிவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆள் நிற்பதைப் பார்த்து எல்லாரும் நடிப்பார்கள். நாளாக ஆக வேலைச் சுமையில் மறந்துவிடுவார்கள். மறைந்து நின்று பார்ப்பது, போனில் ரெக்கார்ட் செய்வது கூடவே கூடாது, சிஸ்டர், நோயாளி இருவரின் சம்மதமும் வேண்டும்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்மறைக் கேள்விகளைத் திருப்பிப் போடுங்கள்: 1 முதல் 7 என்றால் 8-இலிருந்து கழிக்க வேண்டும், 0 முதல் 4 என்றால் 4-இலிருந்து. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.3, 0.4 என்று வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டிருப்பார்கள். 0.7-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. ஜெஃபர்சனில் 16 கேள்விக்காவது பதில் இருக்க வேண்டும், குறைந்தால் அந்தத் தாள் சேராது. இருபது கேள்விக்கும் ஒரே எண்ணில் டிக் போட்டிருந்தால், பாதி எதிர்மறை என்பதால், படிக்காமல் போட்டது என்று அர்த்தம்.

சதவீதம் போடும் பழக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 105 மார்க் என்றால் 140-க்கு 75 சதவீதம் என்று எழுதுகிறார்கள். ஆனால் குறைந்தபட்ச மார்க்கே 20, பூஜ்யம் இல்லை. 20-ஐக் கழித்து 120-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 71. 33 வரை போதாது, 66 வரை மிதம், அதற்கு மேல் நிறைவு என்று மூன்றாக வெட்டுவதும் எந்த ஆதாரமும் இல்லாத வழக்கம். ஸ்கேல் செய்தவர்கள் சொல்லாத கோட்டை நாம் போட வேண்டாம், சராசரியும் பரவலும் கொடுத்தால் போதும். எல்லாரும் உச்சத்தில் குவிந்திருந்தால் இடைநிலை மதிப்பையும், எத்தனை பேர் முழு மார்க் என்பதையும் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? ஒத்துணர்வுக்கும் பர்ன் அவுட்டுக்கும் 0.3 அளவுக்குத் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 சதவீத ஆற்றலுக்கு, அதாவது அந்தத் தொடர்பு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு கிடைக்க, சுமார் 85 சிஸ்டர்கள் தேவை. ஒரே மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவில் அத்தனை பேர் கிடைப்பது கடினம். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, ஜி.கே.என்.எம். என்று நாலைந்து பெரிய இடங்களில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கமிட்டி, அதற்கே மாதங்கள் போகும் என்று அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளிகளின் மார்க்கை ஒரே மூட்டையாகவும் கட்டாதீர்கள். ஒரே சிஸ்டரைப் பற்றிப் பத்துப் பேர் சொன்னால் அவை பத்துத் தனித் தகவல் ஆகாது, முதலில் சிஸ்டர் வாரியாகச் சராசரி எடுத்துவிட்டு மேலே போங்கள், அல்லது புள்ளியியல்காரரிடம் பல்நிலை மாதிரி (மல்டிலெவல் மாடல்) போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேர் மெஷரை வைத்து எந்த சிஸ்டர் நல்லவர் என்று வரிசைப்படுத்த நிர்வாகம் கேட்கும், கட்டாயம் கேட்கும். ஸ்காட்லாந்தில் குடும்ப மருத்துவர்களை வைத்துப் பார்த்தபோதே ஒரு டாக்டரை இன்னொருவரிடமிருந்து நம்பகமாகப் பிரித்துக் காட்ட ஆளுக்குச் சுமார் 50 நோயாளிகளின் தாள் தேவைப்பட்டது. உங்களிடம் ஆளுக்கு ஐந்து தாள் இருக்கும். அதை வைத்து யாரையும் வேறு வார்டுக்கு மாற்றினால் அது அநியாயம். ஆகவே அனுமதிக் கடிதத்திலேயே 'தனிநபர் மதிப்பெண் நிர்வாகத்துக்கு வழங்கப்படாது' என்ற வரியைச் சேர்த்து நர்சிங் சூப்பரின்டெண்டென்டின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் மறுப்பது சிரமம்.

முடிவை வார்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். யூனிட்டின் மொத்தச் சராசரி, நோயாளிகள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட விஷயங்களின் பட்டியல், அந்த மாதம் ஆளுக்கு எத்தனை நோயாளி என்ற கணக்கு, மூன்றையும் ஒரே தாளில் போடுங்கள். பட்டியலை யாருடைய பேச்சு என்று அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள். பயிற்சி வகுப்பு எடுத்து அதன் பலனைப் பார்க்க வேண்டும் என்றால் வகுப்பு முடிந்த கையோடு அதே தாளைக் கொடுத்து மார்க் ஏறிவிட்டது என்று எழுத வேண்டாம், காலையில் சொல்லிக்கொடுத்ததை மத்தியானம் யாரும் சரியாகத்தான் எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்து, அதே திறந்த கேள்வி இரண்டையும் வேறு நோயாளிகளிடம் கேட்டு, சொல்லாமல் விட்டவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.